டாக்டிகல் வோட்டிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.
பிரிட்டன் தேர்தல்கள் பற்றிய பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். தன் கட்சி தன் தொகுதியில் தேறாது என்று தெரிந்து, பிடிக்காத கட்சியைத் தோற்கடிக்கக்கூடியவருக்கு ஓட்டுப் போடுவதை என்னவென்று சொல்வது? பாடத்தில் 1997 தேர்தல்தான் உதாரணம்: லிபரல் டெமாக்ராட் கட்சியின் வாக்கு 17.8 விழுக்காட்டிலிருந்து 16.8 ஆகக் குறைந்தது. இடங்களோ 20-லிருந்து 46 ஆயின. இப்போதைக்கு 'தந்திர வாக்களிப்பு' என்று போட்டிருக்கிறேன்.
- ந.

தந்திரம் வேண்டாம் அம்மா. அதைக் கேட்டால் நம்மூரில் கள்ள ஓட்டு ஞாபகம்தான் வரும். அங்கே நடப்பதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. 'உத்தி வாக்கு' போதுமே.
- செ.

உத்தி மட்டும் தமிழோ? யுக்தியின் தேய்வு.
- இரா.

ஐயா, தொல்காப்பிய மரபியலிலேயே முப்பத்திரண்டு உத்தி இருக்கிறதே. தொல்காப்பியரையும் வெளியே அனுப்பிவிடலாமா?
- செ.

அந்த முப்பத்திரண்டைத்தான் தந்திரவுத்தி என்பார்கள். அங்கே தந்திரம் என்றால் நூல்; திருமந்திரத்தின் ஒன்பது தந்திரங்களும் அப்படித்தான். ஆகத் தந்திரத்தை விரட்டிவிட்டு உத்தியை வைத்துக்கொள்வது வேடிக்கை. குறள் 671-இல் சூழ்ச்சி என்பது ஆராய்ந்து எண்ணுவது. வாக்காளர் செய்வதும் அதுவே. 'சூழ்வாக்கு' என் பரிந்துரை.
- இரா.

சூழ்வாக்கு என்று எழுதினால் மாணவர்கள் சூனியம் வைத்ததாக நினைப்பார்கள் ஐயா.
- ந.

லண்டனிலிருந்து எழுதுகிறேன். தேர்தல் காலத்தில் இங்கே கதவடியில் விழும் துண்டுப்பிரசுரங்களைப் பார்க்க வேண்டும். ஒரு பட்டை வரைபடம். இரண்டு பட்டை உயரமாக, மூன்றாவது குட்டையாக. கீழே, "தொழிற்கட்சி இங்கே வெல்லாது". லிபரல் டெமாக்ராட்காரர் இதில் கெட்டிக்காரர். பட்டைகளின் உயரம் எண்களுக்குப் பொருந்தாது என்று கேலியும் வாங்குவார்கள். நோக்கம் ஒன்றுதான், மற்றவன் வராமல் தடுப்பது. ஆகவே 'தடுப்பு வாக்கு'.
- ல.

தடுப்பூசி மாதிரி இருக்கிறது. ஆனால் பொருள் உடனே பிடிபடுகிறது.
- செ.

பிடிபடுவது போதாது. தடுப்பு என்றால் நோக்கம் மட்டும்தான் வருகிறது; மனத்துக்குப் பிடித்தவரை விட்டுக்கொடுத்தது எங்கே? அதோடு 1997-இல் டாட்டன் தொகுதியில் தொழிற்கட்சி, லிபரல் டெமாக்ராட் இரண்டும் வேட்பாளரையே நிறுத்தாமல் சுயேச்சையான மார்ட்டின் பெல்லுக்கு வழிவிட்டன. அதையும் தடுப்பு என்பீர்களா?
- இரா.

அது கட்சிகள் செய்தது, ஐயா. நாம் பேசுவது வாக்காளர் தானே செய்வதை.
- ல.

இன்னொரு சிக்கல். 2024-இல் லிபரல் டெமாக்ராட் 12.2 விழுக்காட்டில் 72 இடம், ரிஃபார்ம் கட்சி 14.3 விழுக்காட்டில் 5. இதை விளக்கும் பத்தியில் "எதிர்க்கட்சித் தலைவர் எட் டேவி" என்று எழுதிவிட்டுத் திகைத்தேன். அவர் லிபரல் டெமாக்ராட் தலைவர்; அந்தப் பதவி அவருடையது அல்லவே!
- ந.

இல்லை. அது அரசில் இல்லாத கட்சிகளில் அதிக இடம் உள்ள கட்சியின் தலைவருக்குரியது. 1937 முதல் சம்பளமும் உண்டு. 2024 நவம்பரில் கன்சர்வேட்டிவ் கட்சியின் கெமி பேடனாக் அதற்கு வந்தார். டேவியைக் கட்சிப் பெயரோடு "தலைவர்" என்று மட்டும் எழுதுங்கள் தங்கச்சி.
- ல.

பதவியை 'எதிரணித் தலைவர்' ஆக்கிவிட்டால் குழப்பமே வராது.
- இரா.

நாளிதழில் ஒருவரும் அப்படி எழுதுவதில்லை ஐயா. டேவிக்கு ல. அண்ணா சொன்னபடி. மற்றதற்கு செ. சொன்ன 'உத்தி வாக்கு'தான். அதையே போட்டு, முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்து அனுப்பிவிட்டேன். அப்புறம், இரு தொகுதிக்காரர்கள் பேசிவைத்து ஓட்டை மாற்றிப் போடுவார்களே, அடுத்த பக்கத்தில் அது வருகிறது. 'வாக்குப் பரிமாற்றம்' சரியா?
- ந.

பரிமாற்றம் இருக்கட்டும். உத்திக்கு நான் உடன்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.
- இரா.