40 குண்டுக்குப் பிறகு எல்லாம் கீழே இறங்குகிறது: மகளுக்கு முதல் போட்டி, உதவுங்கள்

குடியாத்தம் அப்பா:
வணக்கம். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் அடுத்த மாதம் சென்னையில் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் முதன்முறையாகக் கலந்துகொள்கிறாள். துப்பாக்கி கிளப்பினுடையது, காற்றுச் சிலிண்டர் வைத்தது, பீப் சைட் (சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் கருவி). பயிற்சியில் 60 குண்டு சுடுகிறாள். நாற்பது வரை நடுவிலேயே விழுகிறது. பிறகு ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குகிறது. இடம் வலம் விலகுவதில்லை. சைட்டைத் திருகிச் சரிசெய்தால், மறுநாள் எல்லாம் மேலே போய் விழுகிறது. "கை தளர்ந்துவிடுகிறது" என்று வீட்டில் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள், பாவம் அவள். நான் ஆம்பூரில் ஷூ தொழிற்சாலையில் வேலை செய்பவன். தோலைப் பற்றிக் கேட்டால் சொல்வேன், துப்பாக்கி தெரியாது.

காட்பாடிக்காரன்:
கைதான் சார். நின்று சுடும்போது இடது முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றியிருக்க வேண்டும். அது வழுக்கினால் குண்டு கீழேதான் போகும். நம் ஊர் வெயிலில் அந்தக் கனத்த ஜாக்கெட்டுக்குள் ஒரு மணி நேரம் நின்றால் யாருக்கும் தளரும்.

பாலாற்றங்கரை:
எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோர்ந்த கை மேலும் கீழும் சிதறடிக்கும். இப்படி வரிசையாக இறக்காது. மறுநாள் மேலே விழுகிறது என்கிறீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. இடையில் யாராவது காற்று நிரப்புகிறார்களா? உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு அழுத்தம் தரும். சிலிண்டரில் காற்று அந்த அளவுக்குக் கீழே போய்விட்டால் குண்டின் வேகம் குறையும், கீழே விழும். இலக்கில் பத்தாம் புள்ளி அரை மில்லிமீட்டர்தான். 4.5 மி.மீ. குண்டு தன் அகலம் அளவுக்கு இறங்கினாலே கிட்டத்தட்ட இரண்டு புள்ளி போய்விடும்.

சைட்டைத் தொடாதீர்கள். துப்பாக்கியை மணல் மூட்டையில் வைத்து, சிலிண்டர் நிறைந்திருக்கும்போது ஐந்து குண்டு, காற்று குறைந்தபின் ஐந்து குண்டு சுடச் சொல்லுங்கள். மூட்டைக்குக் கை தளராது.

குடியாத்தம் அப்பா:
செய்து பார்த்தோம் அண்ணா. மூட்டையில் வைத்தும் கீழேதான் விழுகிறது! அப்போது சிலிண்டரின் அழுத்த மீட்டர் முள் 60 பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே இருந்தது. கிளப்பில் கைப்பம்ப் வைத்துத்தான் நிரப்புகிறார்கள். 120 தாண்டுவதற்குள் பையன்கள் ஓய்ந்துவிடுகிறார்கள். முழுதாக நிரப்ப 200 பார் வேண்டுமாமே, எங்கே போவது?

ராணிப்பேட்டை:
சிப்காட் பக்கம் ஆக்சிஜன் நிரப்பும் இடங்கள் இருக்கின்றன. அழுத்தம் போதுமான அளவு கிடைக்கும், கேட்டுப் பாருங்கள்.

பாலாற்றங்கரை:
வேண்டவே வேண்டாம்! இந்த யோசனையை எங்கும் சொல்லாதீர்கள் தம்பி. அந்த அழுத்தத்தில் ஆக்சிஜன் எண்ணெய்ப் பசையையோ கிரீஸையோ தொட்டால் தானாகவே தீப்பிடித்து வெடிக்கும். துப்பாக்கியை அந்தப் பெண் கன்னத்தோடு அணைத்துப் பிடித்திருப்பாள். வெறும் காற்று மட்டும்தான், அதுவும் ஈரமில்லாத காற்று. டயர் கடை கம்பிரசர் 10 பார் அளவோடு நின்றுவிடும், அதுவும் உதவாது. ஸ்கூபா சிலிண்டர் (கடலுக்குள் மூழ்குபவர்கள் சுவாசிக்க வைத்திருக்கும் காற்றுச் சிலிண்டர்) வைத்திருக்கும் கிளப்பில் நிரப்பலாம். இல்லையென்றால் கைப்பம்பிலேயே நடுநடுவே இடைவெளி விட்டு அடியுங்கள்; பம்ப் சூடேறினால் உள்ளே ஈரம் சேரும்.

போட்டிக்கு முன் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள். பத்து ஆண்டு தாண்டியிருந்தால் அனுமதி இல்லை. நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிடாதீர்கள்.

காட்பாடிக்காரன்:
சரி, என் தீர்ப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் ஜாக்கெட், பேண்ட், ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு 60 குண்டையும் ஒரே மூச்சில் சுட்டுப் பார்க்கட்டும். காகித இலக்கு என்றால் ஒன்றரை மணி நேரம், மின்னணு இலக்கு என்றால் ஒன்றேகால். அதற்கு முன் தயாராகவும் சைட் சரிபார்க்கவும் 15 நிமிடம் தருவார்கள். திருகுவதையெல்லாம் அப்போதே முடித்துவிட வேண்டும். துப்பாக்கியில் குண்டு இல்லை என்று காட்டுவதற்காகப் பேரலுக்குள் (துப்பாக்கிக் குழலுக்குள்) விடும் சேஃப்டி ஃபிளாக் கயிற்றை மறக்காதீர்கள். முதல் போட்டியில் பாதிப் பேர் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்.

குடியாத்தம் அப்பா:
தேதி பார்த்தேன். 2013 என்று இருக்கிறது. கிளப்பில் சொன்னதும் 2021 சிலிண்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். கயிறு ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் போதுமா, வேறு ஏதாவது அளவு உண்டா?

பாலாற்றங்கரை:
கண்ணில் படும் நிறமாக இருக்க வேண்டும், பேரல் முழுக்கப் போய் இரண்டு பக்கமும் வெளியே தெரிய வேண்டும். அவ்வளவுதான்.