சீமைக்கருவேலம் 175 அடி வேர் விடுதாம், எங்க அளந்தீங்க?

கமுதிக்காரன்: நேத்து இங்க ஒருத்தர் "சீமைக்கருவேலம் 175 அடிக்கு வேர் விட்டு ராமநாதபுரத்து நிலத்தடித் தண்ணிய உறிஞ்சிருச்சு, வெட்டுனா கிணறு ஊறும்"னு போட்டிருந்தார். படிச்சதுல இருந்து எரிச்சலா வருது. அந்த அளவு நம்ம ஊர்ல எடுத்ததே கிடையாது. அமெரிக்காவுல அரிசோனா, டூசான் பக்கத்துல சுரங்கம் தோண்டுனப்ப 53 மீட்டர் ஆழத்துல ஒரு வேர் கிடைச்சுது, 1960ல எழுதி வச்சாங்க. அந்த மரத்தக்கூட இப்ப வேற இனம்னு பிரிச்சுட்டாங்க.

பல்லடத்தான்: போட்டது நான்தானுங்க, பேர் சொல்லியே திட்டலாம். 53 மீட்டர்னா 174 அடி. ஒரு அடி கூடப் போட்டது குத்தமா?

கமுதிக்காரன்: ஒரு அடி இல்ல தம்பி, ஒரு கண்டமே தள்ளி இருக்கு. கரிமூட்டத்துக்குத் தூர் தோண்டியே வளந்தவன் நான், எங்க கரிசல்ல அம்புட்டு ஆழத்துக்கு வேர் போய் நான் பாத்ததே இல்ல.

ஊருணிக்கரை: தூர் தோண்டுனா ஆராய்ச்சியா அண்ணே? எத்தியோப்பியாவுல அஃபார் பகுதியில இதே மரத்த அளந்து, வருஷத்துக்கு 300 கோடி கன மீட்டருக்கு மேல தண்ணி குடிக்குதுன்னு எழுதியிருக்காங்க.

கமுதிக்காரன்: அது ஆவாஷ் ஆத்து வெள்ளம் பாயுற பூமி, அங்க தண்ணி இருக்கு குடிக்குது. இங்க 2016ல வடகிழக்குப் பருவமழையே 62 சதவீதம் கம்மி, அதுக்கும் மரம்தான் காரணமா? 2017ல வெட்டச் சொன்ன ஐகோர்ட்டே அதே வருஷம் தடையும் போட்டுச்சு, அத மட்டும் ஒருத்தரும் பேச மாட்டீங்க. இலவச கரண்ட்டுல ஆயிரம் அடி போர் போட்டு ராத்திரி பகலா மோட்டார் ஓட்டுறவங்க எங்க மரத்துக்கு வேர் அளக்க வராதீங்க.

பல்லடத்தான்: இந்தப் பேச்சு வேண்டாமுங்க. எங்கப்பன் நெலத்துல பாதிய வித்து ஏழு போர் போட்டாரு, அஞ்சுல வெறும் பொகதான் வந்துச்சு. கரண்ட் இலவசம்னா போரும் இலவசமா? நாங்க தண்ணிக்கு அழுகுறோம், நீங்க கரி யாவாரம் போயிரும்னு அழுகுறீங்க.

கமுதிக்காரன்: ஆமா, கரிதான் எங்க சோறு! மானாவாரி பொய்ச்ச வருஷமெல்லாம் எங்க ஊர்ல அடுப்பு எரிஞ்சது கருவ மரத்தாலதான். அத யாவாரம்னு கேவலமாப் பேசாதப்பா.

கண்மாய்வாசி: வேர் எத்தன அடி போனா என்ன? வரத்துக்கால் பூராம் முள்ளு மண்டிக் கிடக்கு, மழை பேஞ்சாலும் கண்மாய்க்குத் தண்ணி வந்து சேரல, கண்மாய் நெறையாம கிணறு எப்பிடி ஊறும்? அத யாராச்சும் பேசுங்களேன்.

கமுதிக்காரன்: வாங்க. தூர்வாருற விவாதத்துல என்னைய காண்ட்ராக்டர் ஆளுன்னு சொன்னவர்தான நீங்க? அதுக்கு இன்னும் ஒரு வருத்தம்கூடச் சொல்லல. வரத்துக்கால்ல இருக்குறத வெட்டுங்க, நானே அருவா எடுத்துட்டு வரேன். பட்டாக் காட்டுல நிக்கிற மரத்த ஏன் தொடுறீங்க?

கண்மாய்வாசி: சொன்னது சொன்னதுதான், வருத்தமெல்லாம் கிடையாது.

ஊருணிக்கரை: அஃபார் கணக்குக்கு இன்னும் பதில் வரல அண்ணே.

கமுதிக்காரன்: வெள்ளம் பாயுற பூமின்னு சொன்னேனே, படிக்கலையா? சரி, முதல்ல 175 அடிக்கு வாங்க. தமிழ்நாட்டுல எந்த ஊர்ல, யாரு தோண்டி அளந்தா? ஒரே ஒரு எடம் காட்டுங்க.

பல்லடத்தான்: 174ங்க. வேர் போயிருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.

கமுதிக்காரன்: எங்க போயிருக்கு, அத நீ சொல்லு.