எஸ் கிளாஸ் 222-ஐ விட்டு 223-க்கு மாறியவர்கள் இருக்கிறீர்களா?

கேள்வி

என்னிடம் இருப்பது 2018 மெர்சிடிஸ் எஸ் 350 டி, நீள வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே தூரம் கூடிய வகை). 222 தலைமுறையில் 2017 மாற்றத்துக்குப் பிறகு வந்த வண்டி. நன்றாகவே ஓடுகிறது, குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் கொஞ்ச நாளாக மனது அடுத்த தலைமுறையான 223 பக்கம் சாய்கிறது. புதிதாக வாங்குவதாக இல்லை, இரண்டு மூன்று வருடம் ஓடிய வண்டியாகத்தான் தேடுகிறேன்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வண்டியை ஓட்டுவது நான்தான். பின்சீட்டில் பெரும்பாலும் அப்பாவும் அம்மாவும். அப்பாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, இடது காலை முழுதாக மடக்க முடியாது. முதலில் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அப்புறம் காலை இரண்டு கையாலும் தூக்கித்தான் உள்ளே வைப்பார். அதனால் கால் நீட்டும் இடம் எனக்கு முக்கியம். இன்னொன்று, எங்கள் குடியிருப்பின் நிலத்தடி பார்க்கிங்குக்கு வளைந்து இறங்கும் சரிவு. இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அதில் ஒரே திருப்பலில் இறங்கியதில்லை. பாதியில் நிறுத்தி, ரிவர்ஸ் எடுத்து, மறுபடி ஒடித்துத் திருப்பித்தான் இறங்க வேண்டும்.

223-ஐ அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை, அதில் மயங்கிவிட்டேன் என்றே சொல்லலாம். ஆனால் ஏசியைக் குறைக்கக் கை பழக்கத்தில் போன இடத்தில் சுவிட்ச் இல்லை. 222-ல் நான்கு வட்ட வென்ட், நடுவில் முள் வைத்த கடிகாரம், அதற்குக் கீழே வரிசையாகச் சுவிட்ச்கள். பார்க்காமலே விரல் தட்டும். 223-ல் அந்தக் கடிகாரமும் இல்லை, நடுவில் 12.8 அங்குலத் திரைதான். இது பழகினால் சரியாகிவிடுமா, இல்லை வருடக்கணக்கில் உறுத்துமா? இரண்டையும் வைத்திருந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1

நான் 222 எஸ் 400 டி வைத்திருந்து 223 எஸ் 400 டி-க்கு மாறியவன், அதனால் ஓரளவு நேராக ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.

இன்ஜினுக்காக மாறுவதாக இருந்தால் வேண்டாம். இரண்டிலும் அதே ஓஎம் 656, மூன்று லிட்டர் நேர்வரிசை ஆறு சிலிண்டர் டீசல், அதே 9 கியர் ஆட்டோமேட்டிக். எஸ் 400 டி-க்குப் பழையதில் 340 குதிரைத்திறன், 223 வந்தபோது 330, டார்க் (முறுக்குவிசை) இரண்டிலும் 700 நியூட்டன் மீட்டர். உங்கள் 350 டி-யை எடுத்துக்கொண்டால் உங்களிடம் இருப்பதும் 286 தான், 2020-ல் 223-ஓடு வந்ததும் 286 தான். மிதித்தால் கிடைப்பது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

ஆனால் அந்தச் சரிவு விஷயம் இருக்கிறதே, அதற்காக மட்டுமே நான் மாறலாம் என்பேன். 223-ல் பின்சக்கரமும் திரும்பும். மெதுவாகப் போகும்போது முன்சக்கரத்துக்கு எதிர்ப்பக்கமாகவும், வேகமாகப் போகும்போது அதே பக்கமாகவும் திரும்பும். வண்டி எடுத்த முதல் நாள் மனைவியை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று பார்த்தேன். டயர் உடைந்து கோணிக்கொண்டது போல, 10 டிகிரி, அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது! உங்கள் நீள 222-க்கு ஒரு முழு வட்டம் அடிக்க 12 மீட்டருக்கு மேல் வேண்டும். 223 நீள வண்டி, நான்கு சக்கர டிரைவோடு இருந்தால்கூட, 11 மீட்டருக்குள் திரும்பிவிடும். எங்கள் பார்க்கிங்கிலும் உங்களுடையது போலவே ஒரு திருப்பம். இப்போது ஒரே மூச்சில் இறங்குகிறேன்.

ஒரு எச்சரிக்கை. பின்பக்கம் வெளிப்புறமாக ஒதுங்கும். தூணுக்குப் பக்கத்தில் ஒட்டி நிறுத்திவிட்டு, பழைய வண்டி நினைப்பில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து எடுத்தால் பின் பம்பர் தூணை நோக்கிப் போகும். ஒரு முழ தூரம் நேராக வந்த பிறகு திருப்புங்கள். எனக்கு அது கைக்கு வர இரண்டு வாரம் ஆனது.

இந்த 10 டிகிரி எல்லா 223-லும் வருவதில்லை. அது ஆப்ஷன். 4.5 டிகிரி மட்டுமே திரும்புகிற வண்டியும் இருக்கிறது, அதில் இவ்வளவு வித்தியாசம் கிடைக்காது. பெரிய சக்கரம் போட்ட வண்டியைப் பார்த்து மயங்காதீர்கள், 21 அங்குலம் என்றால் பெரும்பாலும் 4.5 தான்.

சத்தம் குறைவு என்று சொன்னீர்களே, அது உங்கள் மன மயக்கம் இல்லை. பாடியின் உட்கூடுகளுக்குள்ளேயே ஃபோம் நிரப்பியிருக்கிறார்கள். காற்று எதிர்ப்புக் குணகமும் 0.24-லிருந்து 0.22 ஆகியிருக்கிறது. நெடுஞ்சாலையில் பின்சீட்டில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேசலாம். என் அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், இந்த வண்டியில் அவர் "என்ன சொன்னே?" என்று கேட்பது குறைந்திருக்கிறது. எனக்கு இது போதும்.

பதில் 2

நான் மாறவில்லை, 222-லேயே இருக்கிறேன். தம்பியிடம் 223 இருப்பதால் வாரம் ஒருமுறையாவது அதை ஓட்டுகிறேன். மேலே சொன்னதை மறுக்கவில்லை, திருப்பம் அற்புதம். ஆனால் சுவிட்ச் கேள்விக்கு அவர் பதில் சொல்லவே இல்லை, அதனால் நான் சொல்கிறேன்.

பழகும், ஆனால் 222 அளவுக்குப் பழகாது. 223-ல் முந்தையதைவிட 27 பொத்தான் குறைவு என்று மெர்சிடிஸே பெருமையாகச் சொன்னது. ஏசி வெப்பநிலை திரையின் அடியில் எப்போதும் நிற்கும், அதைத் தேட வேண்டியதில்லை. ஒலியளவுக்குத் திரைக்குக் கீழே ஒரு பட்டை, விரலால் தடவ வேண்டும். ஸ்டீயரிங்கிலும் அப்படித்தான். பிரச்சினை தேடுவதில் இல்லை, விரலுக்குப் பதில் வருவதில்தான் இருக்கிறது. 222-ல் திரையை இயக்கும் கோமண்ட் குமிழைத் திருகினால் ஒவ்வொரு படிக்கும் ஒரு 'டிக்' கையில் படும், எத்தனை திருகினோம் என்று எண்ணலாம், கண் சாலையிலேயே இருக்கும். திரையில் அந்த எண்ணிக்கை கிடையாது, ஒரு நொடியாவது பார்த்தே ஆக வேண்டும். குண்டும் குழியுமான ரோட்டில் விரல் நினைத்த இடத்தில் படாது.

உங்கள் அப்பாவுக்கு முக்கியமானது வேறொன்று. கதவில் சீட் வடிவத்தில் சுவிட்ச் இருக்கும் இல்லையா, 222-ல் அது உண்மையாகவே நகரும், எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ சீட்டும் அந்தப் பக்கம் போகும். 223-லும் அதே வடிவம்தான், ஆனால் அது அசையாது, அழுத்தத்தை மட்டும் உணரும். எங்கள் பெரியப்பா, என் தம்பியின் வண்டியில் உட்கார்ந்து அதை அழுத்து அழுத்து என்று அழுத்திவிட்டு, "இது வேலை செய்யலையே" என்று கையை எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் அவருக்கு சீட் நகர்ந்திருப்பதே தெரிந்தது. கெட்டுப்போகவில்லை, அவர் விரலுக்குத் தகவல் வரவில்லை, அவ்வளவுதான். உங்கள் அப்பா தானே சீட்டைச் சரிசெய்துகொள்பவர் என்றால் அவரை உட்காரவைத்து, நீங்கள் எதுவும் சொல்லிக்கொடுக்காமல் பாருங்கள். 'ஹே மெர்சிடிஸ்' என்று சொல்லிப் பின்சீட்டிலிருந்தே பல வேலைகளை வாங்கலாம், ஆனால் வண்டியோடு பேசுகிற வழக்கம் எல்லாப் பெரியவர்களுக்கும் வராது.

கேள்வி கேட்டவர்

இரண்டு பேருக்கும் நன்றி. 10, 4.5 வித்தியாசம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. நான் ஓட்டிப் பார்த்த வண்டியில் எது இருந்தது என்றுகூட கேட்கவில்லை. கால் இடத்தைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். வீல்பேஸ் 3165 மில்லிமீட்டரிலிருந்து 3216 ஆகியிருக்கிறது என்று பார்த்தேன், அந்த 51 மில்லிமீட்டர் முழங்காலுக்குக் கிடைக்குமா?

பதில் 3

நான் கார் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன், இரண்டு வண்டியும் கைக்கு வருகின்றன.

51 மில்லிமீட்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள். மடங்காத காலுக்கு அந்த இரண்டு அங்குலத்தைவிட, முன்னால் இருக்கும் பயணி சீட் எவ்வளவு தூரம் முன்னே நகர்ந்து வழிவிடும், அதன் முதுகில் கால்வைக்கும் பலகை இருக்கிறதா, பின்சீட் எவ்வளவு சாயும் என்பதுதான் கணக்கு. சாய்வு சீட்டும் கால்பலகையும் இரண்டு தலைமுறையிலும் ஆப்ஷனாக வந்தவை. உங்கள் 222-ல் அவை இருந்து, வாங்கப்போகும் 223-ல் இல்லாவிட்டால், புது வண்டியில் அப்பாவுக்கு வசதி குறைந்துபோகும். தலைமுறையைத் தலைமுறையோடு ஒப்பிடுவதே இந்தக் காரில் சரிப்படாது. இந்த வண்டியை அந்த வண்டியோடு ஒப்பிடுங்கள். சேஸிஸ் எண்ணை வைத்து அந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து எந்தெந்த ஆப்ஷனோடு வந்தது என்ற முழுப் பட்டியலை எடுக்க முடியும். அதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் நண்பருக்காகப் பார்த்த ஒரு 223-க்கு விற்பவர் "பின் ஸ்டீயரிங் உண்டு" என்று சத்தியம் செய்தார். பொய்யில்லை, இருந்தது. 4.5 டிகிரி. நண்பர் பணம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் வித்தியாசம் புரிந்தது. வண்டியை நிறுத்தி வைத்து, ஒருவரை ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பச் சொல்லிவிட்டுப் பின்டயர் பக்கத்தில் குனிந்து பாருங்கள். 10 என்றால் சந்தேகமே வராது. சந்தேகம் வந்தால் அது 4.5.

பெற்றோர் பின்னால் உட்காருகிறார்கள் என்பதால் இன்னொன்றையும் பட்டியலில் தேடுங்கள். 223-ல் பின்சீட்டின் இரண்டு பக்கப் பயணிகளுக்கும் முன்புற ஏர்பேக் வந்தது, முன்சீட்டின் முதுகிலிருந்து விரியும். எந்த மாடலிலும் அதற்கு முன் இப்படி வந்ததில்லை. 222-ல் பின் பெல்ட்டுக்குள்ளேயே காற்று நிரம்பும் வகை ஆப்ஷனாக இருந்தது, ஆனால் இப்படி முன்புற ஏர்பேக் கிடையாது. 223-ல் இந்த முன்புற ஏர்பேக்கும் ஆப்ஷன்தான். வயதான எலும்புக்கு பெல்ட் கொடுக்கும் அழுத்தம் சாதாரணமானதில்லை. என்னைக் கேட்டால் திரை, விளக்கு எல்லாவற்றுக்கும் மேலே இதை வைப்பேன்.

ஏர் சஸ்பென்ஷன் இரண்டிலும் இருக்கிறது. சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங்குக்குப் பதிலாக வண்டியைத் தாங்கும் அந்தக் காற்றுப்பை ரப்பர்தான், எந்த வண்டியாக இருந்தாலும் வயதானால் கசியும். விற்பவர் சம்மதித்தால் ஒரு ராத்திரி சமதளத்தில் நிறுத்தி வைத்து, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், நான்கு டயருக்கும் மேலே உள்ள இடைவெளியை விரலை வைத்து அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் இரண்டு விரல் இறங்கியிருந்தால் விலை பேசுவதற்கு முன் அதைப் பேசுங்கள். உங்கள் சொந்த 222-ஐயும் இன்றைக்கே இப்படிப் பார்த்துவிடுங்கள், 2018 வண்டிக்கு அந்த வயது வந்துவிட்டது.

கேள்வி கேட்டவர்

என் வண்டியை இன்று காலையில் பார்த்துவிட்டேன், நான்கும் ஒரே அளவு. பட்டியலும் எடுத்துப் பார்த்தேன், என் 222-ல் கால்பலகையும் சாய்வு சீட்டும் இருக்கிறது, பெல்ட்டில் காற்று நிரம்பும் வசதி இல்லை. நான் பார்த்து வைத்திருந்த 223-ல் 21 அங்குலச் சக்கரம், அதை விட்டுவிட்டேன். இன்னொன்று இருக்கிறது, 10 டிகிரியும் பின் ஏர்பேக்கும் உண்டு என்று பட்டியலில் தெரிகிறது, கால்பலகை உண்டா என்று கேட்டிருக்கிறேன். இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். சீட் சுவிட்சைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லப்போவதில்லை.