பேன் வந்த பிள்ளைக்கு மொட்டைதான் வழியா?

பாம்பன் தாய்:
என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இடுப்பு வரை முடி. தலையில் பேன் இருக்கிறது, சுத்தமான பிறகு அனுப்புங்கள் என்று சொல்லி, பள்ளியிலிருந்து பாதி நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராமேஸ்வரம் கோயிலில் முடி இறக்கிவிடலாம் என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு அக்கா மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார். நான் விடிவதற்கு முன்பே நண்டுக் கம்பெனி வேலைக்குப் போகிறவள். பிள்ளை பள்ளிப் பையைப் பார்த்தாலே அழுகிறாள். என்ன செய்வது?

தொண்டிக்காரர்:
மொட்டை போடுங்கள் தங்கச்சி. முடி இல்லாத தலையில் பேன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? குடம் கணக்கில் நல்ல தண்ணீரை விலைக்கு வாங்குகிற ஊர் நம்முடையது. உப்புத் தண்ணீரில் ஷாம்பு நுரைப்பதே இல்லை. இடுப்பு வரை முடி வைத்திருக்கும் பிள்ளைக்கு வாரம் இரண்டு முறை தலை அலச யாரால் முடியும்? சாமிக்கு முடி கொடுத்ததாகவும் இருக்கும், தொல்லையும் ஒழியும். முடி வளரத்தானே போகிறது.

கீழக்கரை உம்மா:
மொட்டையெல்லாம் வேண்டாம். சீதாப்பழ விதையைப் பொடித்து எண்ணெயில் குழைத்துத் தடவிவிடு மகளே. எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக அதுதான்.

மண்டபம் செவிலி:
உம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். சீதாப்பழ விதை பேனைக் கொல்லும், உண்மைதான். ஆனால் அந்தப் பொடி கண்ணில் பட்டால் கருவிழியில் புண்ணாகும். கண் மருத்துவர்கள் நன்கு அறிந்த காயம் அது. எட்டு வயதுப் பிள்ளை தலையைச் சொறிந்த கையோடு கண்ணைக் கசக்காமல் இருக்குமா? மண்ணெண்ணெயை நினைத்தும் பார்க்க வேண்டாம். தோல் வெந்துபோகும், அடுப்புப் பக்கம் போனால் தலை பற்றிக்கொள்ளும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தும் அப்படியே, தோல் வழியாகவே உடம்பில் ஏறும்.

சகோதரி, உங்கள் பிள்ளை அழுக்கானவள் இல்லை. பேன் சுத்தமான தலைக்கும் வரும். அது பறக்காது, குதிக்காது. தலையும் தலையும் ஒட்டும்போது முடி விட்டு முடி ஏறும், அவ்வளவுதான். தலையை விட்டு விழுந்தால் ஓரிரு நாளில் செத்துவிடும். ஆகையால் வீடு முழுவதையும் கழுவ வேண்டியதில்லை. தலையணை உறை, துண்டு, சீப்பு ஆகியவற்றை வெந்நீரில் போட்டால் போதும்.

மருந்துக் கடையில் 1 சதவீத பெர்மெத்ரின் லோஷன் கேளுங்கள். எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தலை அலசி, துண்டால் ஒற்றிவிட்டு, வேர் நனையத் தடவி, 10 நிமிடம் கழித்து அலசுங்கள். ஈருக்குள் இருப்பதை இந்த மருந்து முழுவதும் கொல்லாது. ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் 9-ஆம் நாள் இன்னொரு முறை போட வேண்டும். பெரும்பாலோர் கோட்டை விடுவது இந்த இரண்டாவது முறையைத்தான். பிறகு, மருந்து பலிக்கவில்லை என்பார்கள்.

சாயல்குடி ஆசிரியை:
பள்ளியைக் குறை சொல்வது எளிது. என் வகுப்பில் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, ஒரே புத்தகத்தின் மேல் தலைகளைச் சேர்த்துக்கொண்டு படிக்கிறார்கள். ஒரு தலையில் இருந்தால் எல்லாத் தலைக்கும் வரும் என்று நீங்களே சொல்கிறீர்கள். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் வாசலில் வந்து சண்டை போடும்போது பதில் சொல்ல வேண்டியவள் நான். தலை சுத்தமாகும் வரை வீட்டில் இருப்பதில் என்ன குற்றம்?

மண்டபம் செவிலி:
குற்றம் இருக்கிறது டீச்சர். முதன்முறை பேன் வந்த தலையில் அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். நீங்கள் கண்டுபிடிக்கும் நாளுக்குள் அந்தப் பிள்ளை பல வாரம் அதே வட்டத்தில் உட்கார்ந்து எழுந்துவிட்டாள். அன்று மதியம் அவளை எழுப்பி அனுப்புவதால் எதுவும் தடுக்கப்படுவதில்லை, அவள் முகம்தான் எல்லோர் முன்னாலும் சிவக்கிறது. பேனால் நோய் எதுவும் பரவுவதும் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2022 அறிக்கையும், பேனுக்காகப் பிள்ளையின் பள்ளி வருகையைத் தடுக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. சடையை இறுக்கிப் பின்னிக் கொண்டையாகக் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். சொல்வதானால் எல்லாப் பெற்றோரிடமும் ஒரே நாளில் தலை பார்க்கச் சொல்லுங்கள்.

தொண்டிக்காரர்:
தண்ணீருக்கு இன்னும் பதில் வரவில்லை. வேலைக்குப் போகும் தாய்க்கு நேரம் எங்கே என்பதற்கும் வரவில்லை. தினமும் கடலில் முக்கி எடுத்தால்கூடப் போதும் என்பேன் நான்.

மண்டபம் செவிலி:
கடலில் முக்கினால் பேன் சாகாது அண்ணன். காலில் உள்ள நகத்தால் முடியைக் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். தண்ணீர்க் கஷ்டம் உண்மை, அதை மறுக்க மாட்டேன். நல்ல தண்ணீர் மருந்து போடும் அந்த இரண்டு நாளைக்குத்தான் வேண்டும். மற்ற நாட்களில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தேய்த்து வாரினால் போதும். எண்ணெயில் பேன் வேகமாக ஓட முடியாது.

ஏர்வாடி மீனவன்:
நேரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மகளுக்குப் பேன் பார்ப்பவன் நான்தான். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், மற்ற நாட்களிலும் காற்று பலமாக இருந்தால் வீட்டில்தான் இருக்கிறோம். வலையில் சிக்கு எடுக்கிற கைக்கு முடியில் சிக்கு எடுப்பது பெரிய வேலையா?

வெளிச்சம் உள்ள திண்ணையில் உட்காருங்கள். மடியில் பழைய வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்த முடியை விரல் அகலத்துக்குப் பிரித்து, நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பை வேர்த்தோலில் படும்படி வைத்து நுனி வரை ஒரே இழுப்பாக இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வேட்டியில் துடைத்துப் பாருங்கள், எள்ளைப் போலப் பழுப்பாக நகர்வது பேன். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் ஈர் அதிகம். பொடுகை ஊதினால் பறக்கும், ஈர் முடியோடு ஒட்டியிருக்கும். அதை இரண்டு நகத்துக்கு நடுவில் வைத்து உருவ வேண்டும்.

மொட்டை போட்டால் பேன் போகும், அதில் சந்தேகமில்லை தொண்டி அண்ணன். நேர்த்திக்கடன் என்றால் பிள்ளைக்கு மாலை போட்டு, இனிப்பு கொடுத்து அழைத்துப் போவோம். இது தண்டனை மாதிரி ஆகிவிடும். மூன்றாம் வகுப்புப் பெண் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியும். அவளைக் கேட்காமல் கத்தி வைக்காதீர்கள்.

தொண்டிக்காரர்:
பிள்ளையே சம்மதித்தால்? கழுத்தளவுக்காவது வெட்டிவிடுங்கள். வாரவும் சுலபம், எண்ணெயும் மிச்சம். அதற்கும் கீழே நான் இறங்கி வர மாட்டேன்.

ஏர்வாடி மீனவன்:
அவள் சம்மதித்தால் எனக்கும் சம்மதம்.

சாயல்குடி ஆசிரியை:
மருந்து போட்ட மறுநாள் அனுப்பலாம் என்பது வரை ஒப்புக்கொள்கிறேன். காய்ந்த ஈர் ஒட்டியிருந்தாலும் திருப்பி அனுப்ப மாட்டேன். ஆனால் மருந்தே போடாமல் அனுப்பிவிட்டு, பேனால் நோய் வராது என்று என்னிடம் வாதாடும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நாலு வார்த்தை சொல்லுங்கள்.

பாம்பன் தாய்:
எல்லோருக்கும் நன்றி. மகளிடம் கேட்டேன். கழுத்தளவு வெட்டச் சம்மதித்தாள், மொட்டை வேண்டாம் என்றாள். இன்று மாலை மருந்துக் கடைக்குப் போகிறேன். என் தங்கை பிள்ளைகளும் இவளோடு ஒரே பாயில்தான் படுக்கிறார்கள், அவர்கள் தலையையும் பார்க்க வேண்டுமா?

மண்டபம் செவிலி:
கட்டாயம் பாருங்கள், உங்கள் தலையையும் சேர்த்து. உயிருள்ள பேன் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து போடுங்கள். 9-ஆம் நாளைக் காலண்டரில் இப்போதே வட்டமிட்டு வைத்துவிடுங்கள்.