வாஷிங் மெஷின் வாங்க மூணு வாரமா யோசனை: முடிவெடுக்க ஏதாவது முறை இருக்கா?

ஈரோட்டுமஞ்சள்:
வீட்ல நாலு பேர். பழைய மெஷின் நின்னுபோச்சு. ஃபிரண்ட் லோடா, டாப் லோடான்னு தேட ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு. ஒண்ணை முடிவு பண்ணினா, அதுக்கு யாராவது ஒத்தை ஸ்டார் போட்டுத் திட்டியிருக்காங்க, மறுபடி முதல்லேர்ந்து. ராத்திரி படுத்தாலும் இதுவே ஓடுது. புடவை எடுக்கப் போனாலும் இதே கதைதான். "ரொம்ப யோசிக்காதீங்க"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்.

முழக்கோல்:
யோசிக்கிறது தப்பில்லைங்க. எங்க நிறுத்தணும்னு தெரியாம ஆரம்பிச்சதுதான் சிக்கல். ரிவ்யூ படிக்கிறதுக்குக் கரையே கிடையாது.

1978ல பொருளாதார நோபல் வாங்கின ஹெர்பர்ட் சைமன் இதைப் பத்தி நிறைய எழுதியிருக்கார். ஆகச் சிறந்ததைத் தேடாம, "இவ்வளவு இருந்தாப் போதும்"னு ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டுற முதல் பொருளை எடுத்துக்கறது. கோட்டைத் தேடலுக்கு முன்னாடியே பேப்பர்ல எழுதிடணும். மனசுல மட்டும் வெச்சிருந்தா ஒவ்வொரு மாடலைப் பார்க்கும்போதும் கோடு நகரும்.

உங்க விஷயத்துல செல்லைக் கீழ வெச்சிட்டு இஞ்ச் டேப் எடுங்க. மெஷின் வைக்கிற இடத்தோட அகலம், ஆழம், உள்ள கொண்டுவர்ற வாசல். அடுத்து, மொட்டைமாடித் தொட்டி குழாயிலேர்ந்து எவ்வளவு உயரத்துல இருக்கு? 10 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம். மாடல் விவரத்துல குறைஞ்சபட்ச நீர் அழுத்தம் போட்டிருப்பாங்க. உங்க வீட்டு அளவு அதுக்குக் கீழ இருந்தா அந்த மாடலை அடிச்சிடுங்க. குனிய முடியாத பெரியவங்க துவைக்கிறாங்கன்னா டாப் லோட். தண்ணி விலைக்கு வாங்குற வீடுன்னா ஃபிரண்ட் லோட், அதுதான் குறைவா இழுக்கும். நாலு பேருக்கு 7 கிலோ தாராளம். சர்வீஸ் ஆள் உள்ளூர்ல இருக்காரான்னு கடையில கேட்டுடுங்க.

இதுலயே ரெண்டு மூணுதான் மிஞ்சும். அதுல மலிவானது எதுவோ அது. மிச்ச வித்தியாசமெல்லாம் லைட்டு, பட்டன் சமாசாரம். சனிக்கிழமை மதியம் 12 மணின்னு நேரம் குறிங்க.

நூல்கண்டு:
மேல சொன்னது மெஷினுக்குச் சரி. புடவைக்கு அளவுகோல் எழுதினா சிரிப்பாங்க! அங்க வேற வழி. உட்காரும்போதே நிறம், விலை ரெண்டையும் சொல்லிடுங்க. பிடிச்ச முதல் புடவையை மடியில வெச்சுக்கோங்க. அடுத்து விரிக்கிறதை அதோட மட்டும் ஒப்பிடுங்க. தோத்தது அப்பவே அலமாரிக்குத் திரும்பணும். எல்லாத்தையும் மலையா குவிய விட்டா, ஏற்கெனவே வேண்டாம்னு சொன்னதே மறுபடி கைக்கு வரும். நேரம் போறது அங்கதான்.

ராத்திரி ஓட்டத்துக்கு, "கவலை நேரம்"னு மனநல சிகிச்சையில ஒரு பயிற்சி உண்டு. தினம் ஒரே இடம், ஒரே நேரம், 30 நிமிஷம். சாயங்காலம் ஆறு மணி நல்லது. மத்த நேரத்துல நினைப்பு வந்தா ஒத்தை வரியில குறிச்சுட்டு, ஆறு மணிக்குத் தள்ளிடுங்க. இதைப் படுக்கையில உட்கார்ந்து செய்யறதுதான் பலரும் பண்ற தப்பு. படுக்கையே கவலைக்கான இடமாயிடும். குறிக்காம "அப்புறம் பார்த்துக்கலாம்"னு விட்டாலும் வேலைக்காகாது, மனசு நம்பாது.

ஈரோட்டுமஞ்சள்:
அளந்துட்டேன். தொட்டி குழாய்க்கு மேல 1.8 மீட்டர்தான் இருக்கு. இன்னொண்ணு, வாங்கினப்புறம் "அதை வாங்கியிருக்கலாமோ"ன்னு அரிக்குமே, அதுக்கு?

முழக்கோல்:
அப்ப உங்களுக்கு 0.18 பார்தான். அதுக்குள்ள ஓடுற மாடலா பாருங்க, இல்லேன்னா பிரஷர் பம்ப் விலையையும் பட்ஜெட்டுல சேருங்க. மூணு வாரம் படிச்ச ரிவ்யூல இது இருந்திருக்காது.

கதவடி:
அரிப்புக்குச் சொல்றேன். திரும்பத் திரும்பச் சரிபார்த்தா நிம்மதி வரும்னு நினைக்கிறோம், நடக்கிறது நேர்மாறு. 2003ல நெதர்லாந்துல ஒரு ஆய்வு: கணினித் திரையில கேஸ் அடுப்பைப் பலமுறை அணைச்சுச் சரிபார்க்க வெச்சாங்க. ஞாபகம் சரியாத்தான் இருந்துச்சு, அந்த ஞாபகத்து மேல இருந்த நம்பிக்கைதான் குறைஞ்சுபோச்சு. வாங்கின பொருளோட விலையைத் தினம் போய்ப் பார்க்கிறதும் அந்த மாதிரிதான்.

அதனால சந்தேகத்துக்கு ஒரே ஒரு நாள் வேலை குடுங்க. மெஷின் வந்த அன்னிக்கே துணியில்லாம ஒரு சுற்று, அப்புறம் முழு லோடு ஒண்ணு. ஸ்பின்ல நகருதா, அடியில ஈரம் இருக்கா பாருங்க. ஃபிரண்ட் லோட்னா பின்பக்கம் டிரான்சிட் போல்ட் இருக்கும், வண்டியில வரும்போது உள்ள டிரம் ஆடாம பிடிச்சு வைக்கிறது அது, கழட்டாம ஓட்டினா மெஷின் குதிக்கும். அது மெஷின் கோளாறு இல்ல. கழட்டின போல்ட்டைத் தூக்கிப் போடாதீங்க, வீடு மாத்தும்போது வேணும். சரியா ஓடுச்சுன்னா ஷாப்பிங் ஆப்ல விலை அலர்ட்டை நிறுத்திடுங்க. "நல்லதாத்தானே வாங்கினேன்?"னு வீட்ல கேட்கிறதையும்.

இந்த யோசனையால வாரக்கணக்குல தூக்கம் கெட்டா 14416க்குப் போன் பண்ணுங்க. டெலி மானஸ், அரசு மனநல உதவி எண். காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம்.