6 வயதுக் குழந்தைக்கு ஸ்கேன் எடுத்துச் செய்த பல் பேண்ட் (பல்லைச் சுற்றி மாட்டும் உலோக வளையம்) இரண்டு முறையும் உட்காரவில்லை. எங்கே தவறு?

கேட்டவர்: பல் மருத்துவர், கும்பகோணம்

எல்லோருக்கும் வணக்கம். 6 வயதுப் பெண் குழந்தை. கீழ்த்தாடை இடப்பக்கம் முதல் பால் கடைவாய்ப்பல் (74) சீழ் வைத்துவிட்டதால் எடுக்க வேண்டியதாயிற்று. பின்னால் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கத் தொடங்கியிருக்கிறது. அது இரண்டாவது பால் கடைவாய்ப்பல்லை (75) முன்னால் தள்ளி அந்த இடத்தை அடைத்துவிடுவதற்குள் பேண்ட் அண்ட் லூப் (75-இல் மாட்டும் வளையமும், காலி இடத்தைத் தாண்டி முன்னால் உள்ள பல்லைத் தொடும் கம்பியும்) போட்டாக வேண்டும். வாய்க்குள் விட்டுப் படமெடுக்கும் ஸ்கேனரில் அளவெடுத்து லேபுக்கு அனுப்பினேன். அங்கே கோபால்ட் குரோமியத் தூளை லேசரில் உருக்கி அச்சிட்டுத் தருகிறார்கள். வந்தது பாதிப் பல்லிலேயே நின்றுவிட்டது. மறுபடி ஸ்கேன், மறுபடி அதே கதை. முன்பக்கம் இறங்குகிறது, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

குழந்தை 20 விநாடிக்கு மேல் வாயைத் திறந்து வைப்பதில்லை. ஸ்கேனரின் முனை (டிப்) நாக்கின் பின்பக்கம் பட்டால் ஓங்கரிக்கிறாள். அச்செடுக்கும் மாவான அல்ஜினேட்டை ட்ரேயில் வைத்தபோது வாந்தி எடுத்தவள் என்பதால்தான் ஸ்கேனருக்கே போனேன். மூன்றாவது முறையும் வாருங்கள் என்று அந்த அம்மாவிடம் சொல்ல மனம் வரவில்லை. தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

குழந்தைகள் பல் மருத்துவர், மதுரை

டாக்டர், சில கேள்விகள். பெரியவர்களுக்கான டிப்பா, சின்ன டிப்பா? சேர் லைட்டை அணைத்தீர்களா? அந்த வெளிச்சம் நேராக விழுந்தால் ஸ்கேனர் திணறும். எங்கிருந்து தொடங்கினீர்கள்? முழுத் தாடையும் எடுத்தீர்களா?

கேட்டவர்

பெரிய டிப்தான் மேடம். லைட் எரிந்துகொண்டிருந்தது. முன்பல்லில் தொடங்கி முழுத் தாடையும் எடுத்தேன். 75-க்கு வரும்போது அழுகை ஆரம்பமாகிவிட்டது.

லேப் டெக்னீஷியன், கோயம்புத்தூர்

சார், குழந்தையைப் பார்ப்பதற்கு முன் ஃபைலைப் பாருங்கள். கலரை அணைத்துவிட்டு 75-இன் பின்பக்கத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். பல மென்பொருள்கள் விட்டுப்போன இடத்தைத் தாமாகவே நிரப்பிவிடும். பார்ப்பதற்கு ஓட்டையே தெரியாது. நாங்கள் அந்தக் கற்பனைப் பரப்பின் மேல்தான் பேண்ட் வரைகிறோம். உண்மைப் பல்லில் அது எப்படி உட்காரும்?

கேட்டவர்

இப்போதுதான் பார்த்தேன். மற்றப் பக்கங்களில் பல்லின் வளைவும் குழியும் தெளிவாக இருக்கின்றன. பின்பக்கம் மட்டும் உரித்த முட்டை மாதிரி வழவழவென்று இருக்கிறது. இரண்டு ஃபைலிலும் அப்படியே. நான்தான் கவனிக்காமல் அனுப்பியிருக்கிறேன்.

குழந்தைகள் பல் மருத்துவர், மதுரை

அப்படியென்றால் காரணம் கிடைத்துவிட்டது. 6 வயதில் 75-க்குப் பின்னால் முளைக்கும் பல்லின் மேல் ஈறு மடிந்து கிடக்கும். அது பல்லின் பின்சுவரை மூடிக்கொள்ளும். கேமராவுக்குத் தெரியாத இடத்தை ஸ்கேனர் அளக்காது. போதாததற்கு, நாக்கையும் கன்னத்தையும் தானே அழிக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஈறையும் அழித்துவிடும். இந்த ஒரு ஸ்கேனுக்கு அதை நிறுத்திவையுங்கள், ஓட்டை நிரப்புவதையும் நிறுத்துங்கள்.

முழுத் தாடை வேண்டாம். கீழ் இடப்பக்கம், அதற்கு எதிரே மேல் பக்கம், இரண்டும் சேரும் கடி, இவ்வளவே போதும். சின்ன டிப் போடுங்கள். எச்சிலை உறிஞ்சி, காற்றை மெதுவாக அடித்து உலர்த்துங்கள். தேங்கிய எச்சிலையும் ஸ்கேனர் பல் என்றே எடுத்துக்கொள்ளும். 75-இன் கடிக்கும் பரப்பில் தொடங்கி உடனே பின்பக்கம் திருப்புங்கள். அசிஸ்டென்ட் ஒரு மொட்டைக் கருவியால் ஈறை லேசாக அமுக்கிப் பிடிக்கட்டும். குழந்தை தெளிவாக இருக்கும் முதல் 20 விநாடியைக் கஷ்டமான இடத்துக்கே கொடுத்துவிடுங்கள். குழந்தை களைத்தால் நிறுத்துங்கள், கொஞ்சம் தண்ணீர் குடிக்கட்டும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ட்ரேயில் இது நடக்காது.

வாய்க்குள் போகும் முன் அவளுடைய கட்டைவிரல் நகத்தை ஸ்கேன் செய்து திரையில் காட்டுங்கள். சொல், காட்டு, செய் என்று நாம் படித்ததுதான். என் கிளினிக்கில் பாதிக் குழந்தைகள் அந்த நகத்தைப் பார்த்ததுமே தாமாக வாயைத் திறந்துவிடுகிறார்கள்.

கடி எடுக்கும்போது கவனம், குழந்தைகள் கீழ்த்தாடையை முன்னால் நீட்டிவிடுவார்கள். நாக்கை அண்ணத்தில் வைத்துக் கடிக்கச் சொல்லுங்கள்.

மூத்த பல் மருத்துவர், திருச்சி

தம்பி, எல்லாம் சரி. ஆனால் இன்னொரு வழியையும் மறக்காதீர்கள். ரெடிமேட் பேண்டை வாயிலேயே பொருத்திப் பார்த்து, பாதி ட்ரேயில் கெட்டியாகக் கலந்த அல்ஜினேட் வைத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகிவிடும். பேண்ட் பல்லில் உட்காருகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஸ்கேன் மறுபடியும் சொதப்பினால் நான்காவது முறை ஸ்கேன் செய்யாமல் இதற்கு வந்துவிடுங்கள்.

ஒரு அம்மா

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு வலிப்பு உண்டு, மருந்து எடுக்கிறான். இந்தக் கருவியின் வெளிச்சம் அவனுக்கு ஆகுமா? எக்ஸ்ரே மாதிரி கதிர் வருமா?

குழந்தைகள் பல் மருத்துவர், மதுரை

நல்ல கேள்வி அம்மா. இது வெளிச்சத்தால் அளக்கும் கருவி, எக்ஸ்ரே கதிர் கிடையாது. அதனால்தான் பல்லுக்குள்ளே இருக்கும் சீழும் வேரும் இதில் தெரியாது, அதற்கு எக்ஸ்ரேதான் வேண்டும். ஆனால் சில கருவிகளில் வெளிச்சம் மின்னி மின்னி வரும். வலிப்பு உள்ளவர்களுக்குப் பயன்படுத்துவது பற்றி அவற்றின் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. சேரில் உட்காரும் முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மகனின் நரம்பியல் மருத்துவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேட்டவர்

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சின்ன டிப் வரவழைத்து நேற்று எடுத்தேன். நகத்தை ஸ்கேன் செய்ததும், "இன்னொரு விரலும் எடுங்க டாக்டர்" என்றாள். ஐந்து விரலும் எடுத்த பிறகுதான் வாய்க்கே போனோம். நடுவில் இரண்டு முறை நிறுத்தினோம், ஓங்கரிப்பு ஒரே ஒரு முறைதான். பின்சுவர் ஈறுக்கு மேல் பாதியளவு தெளிவாக வந்திருக்கிறது. அதற்குக் கீழே கிடைக்கவில்லை. இதை அனுப்பலாமா?

லேப் டெக்னீஷியன், கோயம்புத்தூர்

அனுப்பலாம் சார். கிடைத்த இடத்தோடு பின் விளிம்பை நிறுத்தச் சொல்லி ஆர்டரிலேயே எழுதுங்கள். ஓட்டை நிரப்பாத ஃபைல் என்றும் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் லேபில் உள்ளவர் தன் பக்கம் நிரப்பிவிடுவார்.

கேட்டவர்

இன்று பேண்ட் வந்தது. விரலால் அழுத்தியதும் இறங்கி உட்கார்ந்துவிட்டது. முன்னால் லூப் பால் கோரைப்பல்லைத் தொட்டு நிற்கிறது. கிளாஸ் அயனோமர் சிமென்ட் வைத்து ஒட்டிவிட்டேன். எடுத்த பல்லின் அடியில் வரும் நிரந்தரப் பல் முளைக்க 10 வயதுக்கு மேல் ஆகும் என்பதால் 6 மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார், ஐந்து விரல் படத்தையும் போனுக்கு அனுப்ப முடியுமா என்று. அனுப்பிவிட்டேன்.