சட்ட உதவியா, வழக்குத்துணையா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பன்னாட்டு வணிகத் தகராறுகளில் ஏழை நாடுகளுக்குக் கிடைக்கும் ஆதரவைக் குறிக்கச் ‘சட்ட உதவி’ என்பதே போதும் என்று சென்ற மடலில் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு பணிகள் கலந்துவிடுகின்றன என்பதால் என்னால் உடன்பட முடியவில்லை.

உலக வணிக அமைப்பின் தகராறு தீர்வு விதிகளில் 27ஆம் பிரிவு, வளரும் நாடு கேட்டால் செயலகம் ஒரு சட்ட வல்லுநரைத் தர வேண்டும் என்கிறது. ஆனால் செயலகத்தின் நடுநிலை குலையாதபடியே அவர் உதவ வேண்டும் என்றும் அதே பிரிவு கட்டுப்படுத்துகிறது. இதைச் சட்ட உதவி எனலாம். 2001இல் ஜெனீவாவில் செயல்படத் தொடங்கிய சட்ட ஆலோசனை மையமோ செயலகத்தைச் சேராத தனி அமைப்பு. ஆகவே ஒரு நாட்டின் பக்கம் நின்று மனு எழுதவும் வாதாடவும் அதனால் முடிகிறது. இதற்குத்தான் ‘வழக்குத்துணை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

குழித்துறை நீதிமன்றத்துக்குப் புறப்பட்ட எங்கள் ஊர்ப் பாட்டி ஒருவர், பிளாஸ்டிக் பையில் சுற்றிய பத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “துணைக்கு வா மக்களே” என்றுதான் என்னை அழைத்தார். உதவி எட்ட நின்றும் செய்யக்கூடியது. துணை என்றால் கூடவே நடக்க வேண்டும்.

‘வழக்கு’ என்றால் தீர்ப்பு வரை போனதாகிவிடாதா என்ற ஐயம் நியாயமானது. 2004இல் வங்கதேசம், தன் மின்கலங்கள் மீது இந்தியா விதித்த பொருள்குவிப்புத் தடுப்பு வரியை (சொந்த நாட்டு விலையைவிடக் குறைத்து வெளிநாட்டில் விற்பதைத் தடுக்கும் வரியை) எதிர்த்து, அம்மையத்தின் துணையோடு உலக வணிக அமைப்பில் முறையிட்டது. மிகவும் பின்தங்கிய நாடு ஒன்று அங்கே தொடுத்த முதல் வழக்கு அது. நம் நாடே எதிர்த்தரப்பு என்பதை மறைக்க வேண்டியதில்லை. நடுவர் குழு அமையாமலே இந்தியா வரியை விலக்கிக்கொள்ள, 2006இல் இணக்கத் தீர்வு அறிவிக்கப்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் முன் பேசித் தீர்ப்பதையும் நாம் வழக்கு என்றே சொல்வதால், இதற்கும் அச்சொல் பொருந்தும். ‘வழக்கு’க்குப் பதிலாகப் ‘பிணக்கு’ வேண்டாம், எங்கள் குமரி மாவட்டத்தில் பிணக்கம் என்றால் உறவினர் முகம் கொடுக்காமல் இருப்பது.

மையத்தை ‘வழக்குத்துணை மையம்’ எனலாம். அங்குள்ள வழக்கறிஞரை ‘வழக்குத்துணைவர்’ என்றால் வாழ்க்கைத் துணைவர் நினைவுக்கு வருகிறார். ‘வழக்குத்துணையாளர்’ சரியாக இருக்குமா என்று சொல்லுங்கள்.